சதுர அடி ரேட்டுக்கு வெளியே: மதுரைப் பக்கம் புதுவீடு கட்டுபவர்களுக்குத் தண்ணீர், கரண்ட் செலவுக் கணக்கு

மதுரையைச் சுற்றி வீடு கட்டுகிற யாரிடம் பேசினாலும் முதலில் வருவது சதுர அடி ரேட்தான். அந்த ரேட்டில் சுவர், கூரை, பூச்சு, தரை, பெயிண்ட், வீட்டுக்குள் ஓடும் ஒயர், குழாய் இவ்வளவுதான் அடங்கும். போர் (ஆழ்துளைக் கிணறு), சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டு, ஈபி சர்வீஸ் (மின் இணைப்பு), குடிநீர் இணைப்பு, பாதாள சாக்கடை இணைப்பு எல்லாம் பெரும்பாலும் வெளியேதான். கேட்டால் "அதெல்லாம் கடைசில பாத்துக்கிரலாம்ணே" என்பார் மேஸ்திரி. அந்தக் கடைசி வரும்போது லோனின் கடைசித் தவணையும் கரைந்து, கிரகப்பிரவேசப் பத்திரிகையும் அடித்தாகியிருக்கும்.

இந்த ஒருமுறைச் செலவாவது ஒரு வருடம் கடித்துவிட்டுப் போய்விடும். குடியேறியபின் மாதாமாதம் வருவதுதான் நிற்காது. போர் எங்கே, சம்ப் எவ்வளவு, மாடிக்குத் தனி மீட்டரா, மேற்குச் சுவரில் படுக்கையறையா என்று பிளான் போடும்போது எடுக்கிற முடிவுகள்தான் அடுத்த இருபது வருடப் பில்லைத் தீர்மானிக்கின்றன. அதனால் இந்தக் கணக்கை அஸ்திவாரத்துக்கு முன்னால் போட வேண்டும்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் ஒரே முறை கொடுக்கிற பணம். வலது பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆகிற செலவு. நம் ஊரில் கரண்ட் பில் இரண்டு மாதக் கணக்கு என்பதால் தண்ணீர், சிலிண்டர் எல்லாவற்றையும் அதே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒப்பிடச் சுலபம். அப்புறம் இன்ஜினியரின் கொட்டேஷனை எடுத்து, அதில் இல்லாதவற்றை எல்லாம் இடது பக்கத்தில் எழுதுங்கள். "இருக்கு சார்" என்று வாயால் சொன்னதை எழுத்தில் வாங்கும்வரை இல்லாததாகவே வையுங்கள்.

1. முதலில் தெருவை விசாரியுங்கள்

மதுரை மாநகராட்சி 2011இல் 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகள் உள்ளே வந்தன. எல்லை விரிந்த வேகத்தில் குழாய் விரியவில்லை. ஆகவே "இது கார்ப்பரேஷன் லிமிட்தான்" என்று புரோக்கர் சொல்வதை வைத்துக் கணக்குப் போட முடியாது. உங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் பதித்திருக்கிறதா, பாதாள சாக்கடை மேன்ஹோல் இருக்கிறதா, அது ஓடுகிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் கொண்டுவருகிற முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டத்தைச் சொல்லிச் சொல்லியே ஊருக்கு வெளியே எத்தனையோ மனைகள் விற்றாகிவிட்டன. திட்டம் மாநகராட்சிக்கு. ஊமச்சிகுளம் தாண்டியோ நாகமலை புதுக்கோட்டை தாண்டியோ பஞ்சாயத்து எல்லையில் மனை வாங்கினால், அந்தப் பஞ்சாயத்தின் மேல்நிலைத் தொட்டியும் அது ஏறுகிற நாட்களும்தான் உங்களுக்குப் பொருந்தும்.

அடுத்தது மின்கம்பம். மனைக்குப் பக்கத்திலேயே போஸ்ட் இருந்தால் பிரச்சினை இல்லை. புது லேஅவுட்டில் கடைசி மனை என்றால் புதிதாகப் போஸ்ட் நட்டு லைன் இழுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். அந்தப் பகுதி ஈபி பிரிவு அலுவலகத்தில் மனை எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதும். மனை விலையில் சென்டுக்குக் கொஞ்சம் குறைத்துப் பேச இது நல்ல பிடியும்கூட.

2. தண்ணீர்

போரை அஸ்திவாரத்துக்கு முன்னாலேயே போட்டுவிடுவது நல்லது. கட்டுமானத்துக்கே நிறையத் தண்ணீர் வேண்டும். கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள், கொளுத்துகிற வெயிலில் பத்து நாளுக்கு மேலும் தண்ணீர் காட்ட வேண்டும். அதை லாரியில் வாங்கினால் அதற்கே ஒரு தனித் தொகை ஒதுக்க வேண்டியதாகும். ஆனால் போர்த் தண்ணீர் கடும் உப்பாக இருந்தால் கான்கிரீட்டுக்கு ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர விதி. தாண்டினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். மதுரையில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்து அறிக்கை வாங்கிவிடுங்கள். அதே அறிக்கை பின்னால் உப்பு நீக்குகிற ஆர்.ஓ. மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்பதையும் சொல்லிவிடும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி.

போர் லாரிக்காரர் சொல்கிற அடி ரேட் முதல் சில நூறு அடிக்குத்தான். அதற்குக் கீழே ஒவ்வொரு நூறு அடிக்கும் ரேட் ஏறும். மேல்மண் சரியாமல் இருக்க இறக்குகிற கேசிங் பைப்புக்குத் தனி விலை. நம் பக்கம் கீழே கெட்டிப்பாறை. தண்ணீர் வருவது பாறையின் வெடிப்பில். அதனால்தான் பக்கத்து மனையில் 250 அடியில் பீய்ச்சி அடித்தது நம் மனையில் 500 அடி போயும் வெறும் வெள்ளைத் தூசியாகப் பறக்கிறது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பது உங்கள் விருப்பம். நான் அந்தப் பணத்தைக் கேசிங்குக்கு வைத்துக்கொள்வேன். சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டில் எத்தனை அடி, எந்த வருடம் போட்டது, கோடையில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கேட்டு, அதில் ஆழமானதை எடுத்துப் பட்ஜெட்டில் எழுதுங்கள். போட வேண்டிய அதிகபட்ச ஆழத்தை லாரி வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு, தெருவே புழுதியில் நிற்க, "இன்னும் ரெண்டு ராடு இறக்குனா அடிச்சிரும் சார்" என்று அவர்கள் சொல்லும்போது யாருக்கும் நிதானமாக யோசிக்க வராது. ஒரு ராடு (துளை போட இறக்குகிற கம்பி) எத்தனை அடி என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, வீட்டாள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ராடை எண்ணிக் குறிக்க வேண்டும். உள்ளாட்சியில் முன்அனுமதி வாங்க வேண்டும் என்பதையும், தண்ணீர் வராத குழியை அன்றே மூடிவிட வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

மோட்டாரைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம். கடைக்காரர் "எதுக்கும் பெருசாவே போடுங்க" என்பார். 1 ஹெச்.பி. என்பது 746 வாட்; மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். அதே தண்ணீருக்குத் தேவையில்லாமல் பெரிய மோட்டாரோ, ஊற்றுக் குறைவான போரில் கம்ப்ரசரோ போட்டால் இது எளிதாக இரண்டு மடங்காகும். போரின் ஆழம், மேல்தொட்டி உயரம், நீர் ஊறும் வேகம் மூன்றையும் சொல்லி மோட்டார் வாங்குங்கள்.

இப்போது சம்ப். பிளானில் மூலையில் மிஞ்சிய இடத்துக்கு ஏற்ப சம்ப் போடுவதுதான் வழக்கம். அதை லாரியிலிருந்து தொடங்கிக் கணக்குப் போட வேண்டும். உங்கள் பகுதிக்கு வருகிற லாரி 6,000 லிட்டர் என்றால், சம்ப் அதற்கு மேல் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 4,000 லிட்டரை இறக்கிவிட்டு முழு லோடுக்குப் பணம் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். 8 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழம் என்றால் 240 கன அடி, அதாவது ஏறக்குறைய 6,800 லிட்டர். சரியாக இருக்கும்.

ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறத்துக்கு அரசு வைத்திருக்கிற அளவு. நான்கு பேருக்கு 540 லிட்டர். 6,000 லிட்டர் லோடு பதினோரு நாள் வரும். போர் கைவிட்டுவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஐந்தாறு லோடு. பக்கத்தில் என்ன ரேட் என்று கேட்டுப் பெருக்கி, பங்குனி முதல் ஆடி வரை என்று வலது பக்கத்தில் எழுதிவிடுங்கள். குடிக்கிற கேன் தண்ணீர் அதற்கு மேல்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். பலர் அனுமதிக்காக ஒரு குழியைக் காட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல் விழுகிறது. ஐப்பசியில் அப்படி ஒரு மழை நமக்கு அரிதல்ல. அதைப் போருக்குப் பக்கத்தில் ஜல்லி, மணல் போட்ட குழியில் இறக்கினால், உப்பும் கொஞ்சம் குறையும். கூரை போடும்போதே வாட்டத்தை ஒரு பக்கமாகக் கொடுத்துவிட்டால் செலவு பைப்புக்கு மட்டும்தான்.

3. கழிவுநீர்

பாதாள சாக்கடை உள்ள தெருவென்றால் டெபாசிட்டும் இணைப்புக் கட்டணமும் கட்டி முடித்துவிடலாம். இல்லாவிட்டால் செப்டிக் டேங்க். 3 சென்ட் மனை என்பது 1,306 சதுர அடி. அதற்குள் போரையும் டேங்கையும் எதிரெதிர் மூலைக்குத் தள்ளினாலும், கழிவு போரில் கலக்காமல் இருக்க வேண்டிய 50 அடி இடைவெளி கிடைப்பது சிரமம். பக்கத்து வீட்டு டேங்க் எந்த மூலையில் இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் போர்ப் புள்ளியை வைக்க வேண்டும். டேங்க் மூடி மேல் டைல்ஸ் ஒட்டி அழகு பார்க்காதீர்கள். லாரி வரும் நாளில் உடைக்க வேண்டியிருக்கும். லாரியின் ஹோஸ் எட்டுகிற தூரத்தில் வையுங்கள். ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வது 2013 சட்டப்படி குற்றம், அது வேறு.

4. கரண்ட்

கட்டும்போது வாங்குவது டெம்பரவரி சர்வீஸ். அதற்கு வீட்டுக் கரண்ட் விலை கிடையாது, இலவச யூனிட்டும் கிடையாது. யூனிட்டுக்கு வீட்டு ஆரம்ப விலையைப் போலப் பல மடங்கு. எனவே கட்டிடம் எட்டு மாதம் நீள்வதா ஒன்றரை வருடம் நீள்வதா என்பது இங்கேயும் பணமாகத் தெரியும். வேலை முடிந்ததும் வீட்டு விலைக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பால் காய்ச்சிக் குடியேறிய பின்னும் பழைய கணக்கிலேயே பில் கட்டுகிற வீடுகள் உண்டு. யாரும் வந்து மாற்றித் தர மாட்டார்கள்.

வீட்டு விலை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பணம் போகிற இடம் இதுதான். 2024 ஜூலை விகிதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2.35 ரூபாய்ப் படி மறைந்துவிடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.70. 401 முதல் 500 வரை அதே 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதற்கும் மேல் 11.55.

சரியாக 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். 501 என்றால் 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். 400 யூனிட்டுக்கு 1,175 ரூபாய் கட்டுகிற வீடு, 800 யூனிட் எரித்தால் 4,770 கட்டும். உபயோகம் இரு மடங்கு, பில் நான்கு மடங்கு. பழைய வாடகை வீட்டுப் பில்லை இரண்டால் பெருக்கிப் புது வீட்டுக்குக் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

உங்கள் வீட்டுக்குக் கணக்குப் போடுவது கஷ்டமில்லை. 1.5 டன் ஏசி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் என்று வையுங்கள். ராத்திரி ஏழு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 420. ஃபிரிட்ஜ் நாளைக்கு ஒன்று என்று 60. மோட்டார் 60. நான்கு ஃபேன் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், சாதாரண 75 வாட் ஃபேனில் 216. லைட், டிவி, மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து 60 போடுங்கள். கூட்டினால் 816. அக்னி நட்சத்திரம் வருகிற சித்திரை, வைகாசிப் பில் இதுதான்.

எங்கே குறைக்கலாம்? ஃபேனை 30 வாட் பி.எல்.டி.சி.யாக வாங்கினால் 216 என்பது 86 ஆகும். வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கிற விலை, யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் போகிற வீட்டில் சீக்கிரமே திரும்பிவிடும். ஏசி போடப்போகிற அறையை மேற்கிலும் தென்மேற்கிலும் வைக்காமல் இருந்தால் நல்லது. வாஸ்து பார்ப்பவர் தலைவாசலைக் கேட்பார், தென்மேற்கில், குபேர மூலையில் பெரிய படுக்கையறை வைக்கச் சொல்வார். மாலை வெயில் முழுக்க அந்தச் சுவரில்தான் விழும். வீட்டில் அதற்கு மறுப்புச் சொல்ல முடியாதென்றால், அந்தச் சுவருக்கு வெளியே நல்ல சன்ஷேடோ ஒரு வேப்பமரமோ வையுங்கள். மேல்மாடி மட்டும் கொதிக்கிற வீட்டுக்குத் தட்டோடு பதிப்பதும் வெள்ளை அடிப்பதும் பழைய வழி. இன்றும் அதைவிட மலிவானது கிடையாது.

மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், ஒயரிங் போடும்போதே மாடிக்குத் தனி லைன், தனி மீட்டருக்கு இடம் வைத்துவிடுங்கள். தனி வாசல், தனிச் சமையலறை உள்ள போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் வாங்கலாம். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் ஐந்நூறு தாண்டுவது நிச்சயம். அதற்கப்புறம் சப்-மீட்டர் வைத்துக் குடித்தனக்காரரிடம் யூனிட்டுக்கு எவ்வளவு என்று பேசுவது தனித் தலைவலி.

இடது பக்கத்தில் எழுத வேண்டியவை: பதிவுக் கட்டணம், மீட்டர் டெபாசிட், கிலோவாட் கணக்கில் வளர்ச்சிக் கட்டணம், பாதுகாப்பு வைப்புத்தொகை, மீட்டர் பெட்டி, எர்த் குழி, போஸ்ட்டிலிருந்து வருகிற கேபிள். ஏசி, ஹீட்டர், போருக்குள் இறக்குகிற சப்மர்சிபிள் மோட்டார் மூன்றும் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ்தான். அதற்கு டெபாசிட்டும் கூடும். பின்னால் உபயோகம் கூடினால் கூடுதல் வைப்புத்தொகை கேட்டு ஒரு நோட்டீஸ் வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

5. சோலார்

மதுரை வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 720. மேலே போட்ட 816 யூனிட் வீட்டில், பேனல் தந்த யூனிட்டைக் கழித்துக் கணக்கிடுகிற நெட் மீட்டர் வைத்தால் ஈபியிடம் வாங்குகிற நிகர யூனிட் நூறுக்குக் கீழே வந்துவிடும். 2024இல் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். பணம் பேனல் மாட்டி முடித்தபின்தான் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால் முதலில் முழுத் தொகையையும் புரட்ட வேண்டும். பேனல் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும்.

இப்போது கையில் காசு இல்லையென்றால் பரவாயில்லை. மூன்று வருடம் கழித்துப் போடுவதற்கான வேலையை இப்போதே செய்துவைக்கலாம். மொட்டை மாடியில் தெற்கு பார்த்து ஏறக்குறைய 300 சதுர அடி நிழல் விழாமல் விடுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் படிக்கட்டு ரூமையும் வடக்கே தள்ளுங்கள். மாடியிலிருந்து மீட்டர் போர்டு வரை ஒரு காலிப் பைப்பைச் சுவருக்குள் விட்டுவையுங்கள். பூச்சு முடிந்தபின் சுவரைக் கொத்துகிற கூலிக்கு முன்னால் இந்தப் பைப்பின் விலை ஒன்றுமே இல்லை. அழகர்கோவில், திருப்பரங்குன்றம் பக்கம் கட்டுபவர்கள் குரங்குத் தொல்லைக்கு வலையையும் சேர்த்துக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். சொல்கிறேன் என்று சிரிக்க வேண்டாம்.

6. மிச்சம் இருப்பவை

இன்டர்நெட்டுக்குத் தெருவிலிருந்து ஹாலுக்கு ஒரு பைப், அவ்வளவுதான். கேஸ் சிலிண்டரை வெளியே வைக்கிற மாதிரிச் சமையலறைச் சுவரில் துளை விடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் சிலிண்டர் இருக்கிற இடத்தில் காற்றோட்டம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். புது இணைப்பு வாங்குவதென்றால் 2022இல் உயர்த்தியபடி 14.2 கிலோ சிலிண்டருக்கு 2,200 ரூபாயும் ரெகுலேட்டருக்கு 250 ரூபாயும் டெபாசிட். இன்வெர்ட்டர் பேட்டரி நாலைந்து வருடத்தில் மாற்ற வேண்டிய பொருள். அதன் விலையைப் பங்கிட்டு வலது பக்கத்தில் எழுதுங்கள்.

மாநகராட்சியில் சொத்து வரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல், அக்டோபர் இரண்டிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். காலி மனையாக இருந்த காலத்து வரி பாக்கி இருந்தால் குடிநீர் இணைப்பு விண்ணப்பம் அங்கேயே நிற்கும். முதலில் அதைக் கட்டி ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சுக்கு முன்னால் எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். எந்தப் பைப் எங்கே ஓடுகிறது என்று பின்னால் வருகிற பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அதுதான் வரைபடம்.

குடியேறியபின் முதல் பில் குழப்பமாகத்தான் இருக்கும். சொந்தக்காரர் கூட்டம், ஓயாத மோட்டார், மாவாட்டு எல்லாம் அதில் கலந்திருக்கும். இரண்டாவது பில்லைத் தாளில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். நூறு யூனிட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் முதலில் மேல்தொட்டியைப் பாருங்கள். நிறைந்து வழிகிறதா, ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகுகிற தண்ணீரை ஏற்றியதும் கரண்ட்தான். அங்கே ஒன்றும் இல்லையென்றால் வீட்டில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, எல்லா ஸ்விட்சையும் அணைத்து, மெயினை மட்டும் ஆனில் வைத்துவிட்டு மீட்டரிடம் போய் நில்லுங்கள். அதில் சின்னச் சிவப்பு விளக்கு இன்னும் மின்னிக்கொண்டே இருந்தால் ஒயரிங்கில் எங்கோ கசிவு. எலக்ட்ரீஷியன் கடைசித் தவணையை இன்னும் வாங்காமல் இருந்தால் உங்களுக்கு நல்ல நேரம்.